ஜி.எம். ஃபைனல் லாஸ்ட்

தொண்ணூற்றிரண்டு சதவீதத்தில் வந்து கோடு நின்றுவிட்டது.

சாம்சன் நாற்காலியில் முன்னுக்கு வந்து உட்கார்ந்து பார்த்தார். பின்னுக்குச் சாய்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கோடு அசையவில்லை. பத்து நிமிடம் கழித்துத் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து, டிஸ்க்கில் இடமில்லை, வீடியோவை முடிக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது.

"மேக்கு எர்ரர் குடுத்தாக்கூட மரியாதையாத்தான் குடுக்கும்" என்று கும்மிடிப்பூண்டி பஜார் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர் அவர். மரியாதையாகத்தான் கொடுத்திருந்தது. கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். சரியில்லை என்று சொல்ல அதில் வழி வைத்திருக்கவில்லை.

மணி ஒன்பது பத்து. வீடியோ மும்பை போய்ச் சேரவேண்டிய நேரம் மாலை நாலு.

ஸ்டேஷன் ரோட்டில் மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் இருக்கிறது ஜெபா டிஜிட்டல். மகள் பெயரில் நடக்கும் கடை என்றாலும், போர்டில் மகள் பெயரைவிட ஆப்பிள் படம்தான் பெரிது. ஊரிலுள்ள மற்ற நாலு ஸ்டுடியோக்காரர்களும் சாதா கம்ப்யூட்டரில் கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருக்க, சாம்சன் மட்டும் மேக்கில் வெட்டினார். என்ன வித்தியாசம் என்று எந்த மாப்பிள்ளை வீட்டாரும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். "மேக்குக்கு வைரஸ் வராது. ஹேங் ஆவாது. தூசிகூட யோசிச்சித்தான் வந்து உக்காரும்."

அப்படிப்பட்டவருக்குக் கல்யாணம், காதுகுத்து அல்லாத ஒரு வேலை வந்தது சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து. வஜ்ரநாதன் ரோலிங் மில்லின் ஜெனரல் மேனேஜர் அருணாச்சலம் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

அருணாச்சலம் அந்த மில்லில் இருபத்தைந்து வருடம் ஜி.எம். இரும்பை உருக்கியது உலை. கம்பியாக இழுத்தது ரோலர். லாரியில் ஏற்றியது ஆட்கள். இந்த மூன்றும் தன்னால்தான் நடக்கின்றன என்று நம்பியது அருணாச்சலம். இந்த மாதம் முப்பதாம் தேதி அவருக்கு ஓய்வு. போன வருடம் மில்லை மும்பைக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். அவருக்கு இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்புக் கொடுப்பதா வேண்டாமா என்று இன்று மாலை நாலு மணிக்கு அங்கே கூடிப் பேசப்போகிறார்கள்.

"அவங்க யாரும் என்னை இன்னும் பார்த்ததில்ல, சாம்சன். பார்த்துட்டா விடமாட்டாங்க" என்றார் ஜி.எம். "அந்தப் பார்வையை நீ உருவாக்கணும். மூணு யூனிட்டோட வீடியோ காண்ட்ராக்டும் என் கையெழுத்துல இருக்கு. எனக்கு எக்ஸ்டென்ஷன்னா உனக்குக் காண்ட்ராக்ட். நான் போனா, வர்றவன் மெட்ராஸ்லேர்ந்து ஆள் கூட்டினு வருவான்."

கும்மிடிப்பூண்டி, காக்களூர், ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு கிடங்கு. மூன்று இடத்து ஆயுத பூஜை, பாதுகாப்பு வாரம், குடியரசு தினக் கொடி எல்லாம் சாம்சனின் மேக்குக்குள் வரும். பந்தியில் இலைக்கு எதிரே கேமராவை நீட்டி, சாப்பிடுகிறவர்களின் வாயைப் படம் பிடித்த முப்பது வருட வாழ்க்கைக்கு ஒரு முடிவு வரும். சாம்சன் அன்றே மனதுக்குள் நடந்து போய் அந்தக் காண்ட்ராக்டில் உட்கார்ந்துவிட்டார்.

மில்லின் சேஃப்டி ஆபீசர் தன் புது போனில் ஜி.எம்.மின் உரையை எடுத்துக் கொடுத்திருந்தார். இருபத்திரண்டு நிமிடம். நடுவே தலைப்பாக ஓட ஜி.எம். சொந்தமாக இயற்றிய கவிதை ஒன்று. 'உருகிய இரும்பே, உருகாத நெஞ்சே, ஓய்வென்று சொன்னால் உன் தோள் என் மஞ்சே.'

"மஞ்சுன்னா மேகம்தானே சார். அது எதுக்கு இங்க?" என்று கேட்டுவிட்டார் சாம்சன்.

"ஓசைக்கு."

இப்போது அந்த இருபத்திரண்டு நிமிடமும் கவிதையும் சேர்ந்து தொண்ணூற்றிரண்டு சதவீதத்தில் மாட்டிக்கொண்டு நின்றன.

முதலில் சாம்சன் பழைய கல்யாணங்களை அழித்தார். ஆறு கல்யாணம், ஒரு புதுமனை புகுவிழா, இரண்டு காதுகுத்து. குப்பைக்கூடையையும் காலி செய்தார். இடம் எவ்வளவு என்று பார்த்தார். அழிப்பதற்கு முன் எவ்வளவோ அவ்வளவே.

ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தார். "ரஃபி, கொஞ்சம் மேல வா."

ரஃபி பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. எதிர்ப்புறம் மொபைல் சர்வீஸ் கடை வைத்து எட்டு வருடமாகிறது. சொந்தமாக மேக் கிடையாது. ஆனால் மேக்கைப் பற்றி இணையத்தில் எழுதப்பட்ட எல்லாவற்றையும் படித்திருந்தார். எந்தக் கோளாறைச் சொன்னாலும் அவரிடம் ஒரே முன்னுரைதான்.

"அதுக்கு ஒரு ஆப் இருக்குதுண்ணே."

"ஆப் அப்புறம். அழிச்சேன், ஆனா எடம் வரல. அத்த சொல்லு."

"நீ அழிச்சாலும் அது அழிக்காதுண்ணே. அவசரத்துக்கு ஆவும்னு உள்ளார ஒரு நகல் வச்சிக்கினு இருக்கும். ஒரு தபா ரீஸ்டார்ட் பண்ணு, விட்டுரும்."

சாம்சன் ரீஸ்டார்ட் செய்தார். இரண்டு மாதமாக, அப்டேட் வந்திருக்கிறது போடட்டுமா என்று மேக் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு மாதமாக, பிறகு என்று அவர் தள்ளிக்கொண்டே இருந்தார். இந்த முறை அவசரத்தில் கை தவறி, சரி என்று அழுத்திவிட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை ஆப்பிள் எழுந்தது. அடியில் ஒரு மெல்லிய கோடு. இன்னும் நாற்பது நிமிடம் என்றது.

அந்த நாற்பது நிமிடத்தில் ஜி.எம். இரண்டு முறை போன் செய்தார்.

"எந்தக் கட்டத்துல இருக்கோம்?"

"ரெண்டரிங் சார்."

இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய சொல் கிடையாது. அது என்னவென்று கேட்கிறவருக்குத் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ள மனம் வராது. ஆகவே காத்திருப்பார்.

"நல்லா ரெண்டர் பண்ணு" என்று சொல்லி ஜி.எம். வைத்துவிட்டார்.

மேக் திரும்பி எழுந்தபோது மணி பத்தரை. புது அப்டேட் தனக்கென்று இடம் எடுத்துக்கொண்டதில், முன்பிருந்த இடமும் குறைந்து போயிருந்தது.

"இப்ப சொல்லு, இன்னா ஆப்பு?" என்றார் சாம்சன்.

ரஃபி இறக்கிக் கொடுத்தது, டிஸ்க்கில் எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று படமாகக் காட்டும் ஒரு கருவி. திரையில் ஒரு வட்டம் வந்தது. கலர் கலராக, சின்னதும் பெரியதுமாகத் துண்டுகள். ஒரு ஆரஞ்சுத் துண்டு மட்டும் பாதி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அதாண்ணே கேடி" என்றார் ரஃபி. "வீடியோ ரெண்டர் பண்ணும்போது சேர்ற குப்ப. அழிச்சா திரும்பத் தானா உண்டாயிரும். தாராளமா தூக்கு."

"தூக்கட்டா?"

"தூக்குண்ணே. இத்தினி யோசன பண்ணா எப்டி?"

சாம்சன் தூக்கினார். இந்த முறை நகல்கூட வைத்துக்கொள்ளாமல் வட்டத்தில் பாதி வெள்ளையாகிவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தார். ஜி.எம். பேசவேண்டிய இடமெல்லாம் சிவப்பு. சிவப்புக்கு நடுவில் ஒரு கேமரா படம், அதன் மேல் ஒரு கேள்விக்குறி.

ரஃபி மெதுவாகச் சொன்னார். "குப்பையோட ஒரிஜினலும் அதே ஃபோல்டர்ல வச்சிருந்தியாண்ணே?"

"வேற எங்க வைப்பாங்க?"

"பேக்கப் டிஸ்க் இருக்குதில்ல?"

"இருக்குது. ஊட்டு டிவில சொருகிக்கினு இருக்குது. மெர்சி அதுல சீரியல் ரெக்கார்ட் பண்ணுது."

வேறு ஒருவராக இருந்தால் இந்த இடத்தில் மில்லுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லியிருப்பார். சாம்சன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டார். மூன்று யூனிட். அவர் ஜி.எம்.மின் செகரெட்டரி சோனியாவுக்குப் போன் போட்டார்.

"சோனியாம்மா, சேஃப்டி ஆபீசர் போன்ல அந்த ஸ்பீச் இருக்குமா?"

"உங்கக்கிட்ட குடுத்த அன்னிக்கே அழிச்சிட்டாரு சார். போன்ல எடம் இல்லையாம்."

"அவருக்குமா?"

"ஆபீஸ் குரூப்புல ஒண்ணு இருக்குது சார். ஜி.எம். சார் எல்லாரையும் பாக்கச் சொல்லிப் போட்டாரு. நூத்திப்பத்துப் பேர் இருக்கோம்."

"எத்தினி பேர் பாத்தாங்க?"

"அனுப்பறேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள் சோனியா.

வந்த வீடியோ குறுகிச் சுருங்கிப்போய் வந்தது. ஆனால் வந்தது. முதல் நிமிடம் நன்றாகவே இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் ஜி.எம்.மின் வாய் முன்னே போக, குரல் பின்னே வந்தது. பத்தாவது நிமிடத்தில் இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. 'எனது குருதியும் வியர்வையும்' என்று குரல் முழங்கியபோது அவர் டம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"போன்ல எடுத்தா அப்டித்தாண்ணே" என்றார் ரஃபி. "வெளிச்சம் கொறஞ்சா அது மெதுவா எடுக்கும், ஏறுனா வேகமா எடுக்கும். ஒரே வேகமா மாத்திடணும். அதுக்கு ஒரு ஆப் இருக்குது."

"ரஃபி, இதுவரிக்கும் நீ குடுத்த ஆப்பே போதும்னு தோணுது."

"இது ஃப்ரீண்ணே."

மாற்றினார்கள். வேகம் ஒன்றாயிற்று. குரலும் வாயும் சேரவில்லை. அதோடு நிறம் போய்விட்டது. புது போன் எடுத்த பளபளப்பான வெளிச்சத்தை அந்த ஆப் பழைய கணக்குக்குள் இறக்கியதில், ஜி.எம். சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆகிவிட்டார். அவர் பின்னால் இருந்த ஜன்னல் வெளிச்சம் அளவு மீறி வெடித்துத் தலையைச் சுற்றி வெள்ளையாக நின்றது.

பன்னிரண்டரைக்கு மனைவி மெர்சி மாடியேறி வந்தாள். மாத்திரை பேக் செய்யும் கம்பெனியில் அவளுக்கு இரண்டாம் ஷிஃப்ட். போகிற வழியில் டிபன் பாக்ஸைக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். காலையில் கொடுத்தனுப்பிய இட்லி திறக்காமல் இருந்ததைப் பார்த்தாள்.

"இன்னாங்க, நாஷ்டாவே துன்னலையா?"

"பேஜாராக்காத மெர்சி. வேல ஓடிக்கினு இருக்குது."

மெர்சி திரையைப் பார்த்தாள். ஜி.எம். வாயை மூடிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க ஓடுது? நின்னுக்கினுல்ல இருக்குது."

"அக்கா, அது ரெண்டரிங்" என்றார் ரஃபி.

"நீ சும்மா இரு நைனா. போன வருசம் என் போனுக்கு இன்னாவோ கிளீனர் போட்டியே, அதுலேர்ந்து எங்க அம்மா போட்டோ ஒண்ணுகூட காணல." அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வாய் பேசறது ஒத்து வரலன்னா, அந்த ஆளு வாய் தொறக்காத எடமா பாத்து எடுத்துப் போட வேண்டியதுதான?"

சாம்சன் அவளைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருட அனுபவமும் ஒரு மேக்கும் சேர்ந்து சொல்லாததை மாத்திரை பேக் செய்கிறவள் சொல்லிவிட்டாள். அதை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக, "நானும் அதத்தான் யோசிச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

அருணாச்சலம் வாய் திறக்காத இடங்களைத் தேடுவது எளிதான வேலையாக இல்லை. இருபத்திரண்டு நிமிடத்தைச் சல்லடை போட்டதில் முப்பத்தெட்டு விநாடி தேறியது. உலைக்கூடத்தின் நீண்ட நடைபாதையில் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடக்கிறார். தூரத்தில் எதையோ பார்க்கிறார். ஒருமுறை சிரிக்கிறார். மூன்றுமே பேச்சு தொடங்குவதற்கு முன்பு, கேமரா ஓடுவது தெரியாமல் இருந்தபோது எடுக்கப்பட்டவை.

முப்பத்தெட்டு விநாடியைக் குறைந்தது மூன்று நிமிடமாவது ஆக்கவேண்டும். வேகத்தைக் குறைத்தார். ஜி.எம். விட்டு விட்டுத் துள்ளினார். இடையில் இல்லாத படங்களை மேக்கே யோசித்து வரைந்து நிரப்பும் வசதி ஒன்று இருந்தது. அதைப் போட்டதும் துள்ளல் போய்விட்டது. நடையும் போய்விட்டது. அருணாச்சலம் உலைக்கூடத்தின் வழியே மிதந்து போனார். வாசலை நெருங்க நெருங்க வெளிச்சம் அவரை எடுத்துக்கொண்டது. கடைசியில் வெள்ளை மட்டும் இருந்தது.

"மூஞ்சி மட்டும் சுண்ணாம்பாவே இருக்குதே" என்றாள் மெர்சி.

"கறுப்பு வெள்ள ஆக்கிடுறேன். கிளாஸா இருக்கும்."

ஆக்கினார். இருந்தது. ஜன்னல் வெடித்ததில் தலையைச் சுற்றி உண்டான வெள்ளை இப்போது வேண்டுமென்றே வைத்த மாதிரி ஆகிவிட்டது.

அடுத்தது கவிதை. தலைப்பைத் திறந்தார். 'உருகிய இரும்பே' இருந்த இடத்தில் கேள்விக்குறியும் கொம்பும் தலைகீழ் எழுத்துமாக ஒரு வரிசை நின்றது. பழைய தமிழ் ஃபாண்டை அப்டேட் ஏற்றுக்கொள்ளவில்லை. ஃபாண்டுகளைச் சோதித்துக் கெட்டவற்றை நீக்கும் கருவி மேக்கிலேயே இருந்தது. ரஃபி சொல்வதற்கு முன் சாம்சனே ஓடவிட்டார். அது மனசாட்சியோடு வேலை செய்து, அவர் பதினைந்து வருடமாகச் சேர்த்த தமிழ் ஃபாண்டுகள் நாற்பத்தொன்றையும் கெட்டவை என்று கண்டுபிடித்து ஒதுக்கியது. கொம்பும் கேள்விக்குறியும் போய், வெறும் கட்டங்கள் நின்றன.

"சிஸ்டத்துலயே தமிழ் எழுத்து ஒண்ணு இருக்குதேண்ணே. அதுல திரும்ப அடி" என்றார் ரஃபி.

"அடிக்கலாம். கவித எழுதுன பேப்பர் ஜி.எம். கிட்ட இருக்குது. அவருக்கு போன் பண்ணா, ஏன்னு கேப்பாரு."

மெர்சி அந்தக் கட்டங்களை உற்றுப் பார்த்தாள்.

"மும்பைக்காரனுக்குத் தமிழ் தெரியவா போவுது?" என்றாள் மெர்சி.

கவிதை முழுவதும் போயிற்று. கட்டங்களாக நின்ற பெயரும் பதவியும்கூட, அதே காரணத்துக்காகத் திரும்ப அடிக்கப்படாமல் போயின. மிஞ்சியது ஜி.எம். சேர்ந்த வருடமும் நடப்பு வருடமும். எண்கள் மட்டும் எந்த அப்டேட்டுக்கும் அசையாமல் நின்றன. 2000 – 2025.

"நீட்டா இருக்குதுண்ணே" என்றார் ரஃபி. "பெரிய கம்பெனி விளம்பரத்துல எல்லாம் இப்டித்தான். ரெண்டு நம்பர் போட்டு உட்ருவான்."

முடிவில் வைக்க ஒரு நல்ல படம் வேண்டும். அழியாமல் தப்பியதில் ஒன்றே ஒன்றுதான் தெளிவாக இருந்தது. மில் ஆயுத பூஜையில் எடுத்ததென்று ஜி.எம். கொடுத்திருந்த அவர் படம். கழுத்தில் தடித்த சாமந்தி மாலை, நெற்றியில் குங்குமம், முன்னால் எரியும் குத்துவிளக்கு. அதன் கீழே அந்த இரண்டு எண்களை வைத்தார். இசைக் கோப்புகளும் அந்த ஆரஞ்சுத் துண்டோடு போயிருந்தன. சர்ச் பாடகர் குழுவில் ஆரோக்கியமேரி டீச்சர் வாசித்த வயலின் ஒன்று சாம்சனின் போனில் இருந்தது. மெதுவான வாசிப்பு. ஜி.எம். மிதக்கும் வேகத்துக்குச் சரியாகப் பொருந்தியது.

மூன்று நிமிடமும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். முடிந்ததும் மெர்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா மெர்சி?"

"தெரியலங்க. அந்த ஆள கண்டாலே எனக்கு ஆவாது. இப்ப இன்னாவோ மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சி."

சாம்சன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாண வீடியோவில் பெண்ணின் அம்மாவைத் தவிர யாரும் அழுது அவர் பார்த்ததில்லை. இது வேறு தரம். காலையிலிருந்து நடந்ததெல்லாம் தன்னை இங்கே கொண்டுவந்து சேர்க்கத்தான் என்று அவருக்குத் தோன்றியது. தப்பாக நடந்த ஒவ்வொன்றையும் இப்போது தானே திட்டமிட்டுச் செய்ததாக நினைக்கத் தொடங்கினார். கலைஞர்கள் உருவாவது இப்படித்தான்.

ஏற்கெனவே ஜி.எம். ஃபைனல், ஜி.எம். ஃபைனல் டூ, ஜி.எம். ஃபைனல் ஒரிஜினல் என்று மூன்று இருந்தன. ஆகவே இதற்கு, 'ஜி.எம். ஃபைனல் லாஸ்ட்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்து ஓடவிட்டார். கோடு தொண்ணூற்றிரண்டைத் தாண்டும்போது மூவரும் திரையருகே குனிந்தார்கள். நூறு.

மணி இரண்டரை. ஜி.எம். பார்த்த பிறகுதான் மும்பைக்குப் போகவேண்டும் என்பதால் பென் டிரைவில் போட்டார். ரஃபி தலையை ஆட்டினார்.

"மேக்குல ஃபார்மேட் பண்ண டிரைவுண்ணே. மில்லுல இருக்கறது விண்டோஸ். சொருகுனதும், உள்ள ஒண்ணுமில்ல, ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்கும். சோனியா எஸ் அடிச்சிட்டா?"

"வேற ஆப்பு எதுவும் சொல்லாத."

"சொல்லல."

"மேக்கையே தூக்கினு போறேன்" என்றார் சாம்சன்.

இருபத்தேழு அங்குல மேக்கை ஒரு போர்வையில் சுற்றி, மெர்சி ஒரு பக்கமும் ரஃபி ஒரு பக்கமும் பிடித்துப் படியிறக்கினார்கள். மெர்சி ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். ஷேர் ஆட்டோவில் சாம்சன் மேக்கை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே மில் யூனிஃபார்மில் மூன்று பெண்கள்.

"அண்ணே, டிவி ரிப்பேரா?"

"டிவி இல்லம்மா. மேக்."

"எதுவா இருந்தா இன்னா, கொஞ்சம் தள்ளிப் புடிண்ணே. முட்டியில இடிக்கிது."

மில் கேட்டில் செக்யூரிட்டி போர்வையை விலக்கிப் பார்த்தார். உள்ளே வரும் பொருட்களுக்கான சீட்டில் 'பழைய டிவி, ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார். வேறு நாளாக இருந்தால் சாம்சன் கால் மணி நேரம் வகுப்பெடுத்திருப்பார். மணி மூன்று முப்பத்தைந்து. பேசாமல் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு கையெழுத்தைப் போட அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

ஜி.எம். அறையில் சோனியா மேசையைக் காலி செய்து கொடுத்தாள். மேக் எழுந்தது. வயலின் தொடங்கியது. அருணாச்சலம் தன் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கைவிரல்களையும் கூரைபோலச் சேர்த்து வைத்துக்கொண்டு பார்த்தார்.

இருபது விநாடி கழித்து, "என் பேச்சு எங்கே?" என்றார்.

சாம்சன் இதை ஆட்டோவிலேயே யோசித்து வைத்திருந்தார். "சார், பேசறவங்க ஆயிரம் பேர் இருக்காங்க. நீங்க பேசாம இருந்தீங்கன்னா அதுல ஒரு கனம் இருக்குது."

"ஆமா சார்" என்றாள் சோனியா மூலையிலிருந்து, அவசரமாக. ஆறு வருடமாக அவர் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டிருப்பவள் அவள்.

"கவிதை?"

"சார், கவிதைய எழுதிக் காட்டக்கூடாது. நீங்க நடக்கறதே கவித."

அருணாச்சலம் திரையில் தான் மிதந்து போவதைப் பார்த்தார். தலையைச் சுற்றி வெளிச்சம். வாசல் பிளந்து தன்னை ஏற்றுக்கொள்வதைப் பார்த்தார். மாலையும் விளக்குமாகத் தன் முகம் எழுந்து நிற்பதைப் பார்த்தார். வயலின் ஒரு நீண்ட இழுப்போடு ஓய்ந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாம்சன்."

"சார்."

"இருபத்தஞ்சு வருஷமா எனக்குள்ள இருந்த ஒண்ண நீ வெளிய எடுத்துட்ட." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "பார்த்தா, இந்த மனுஷன் இல்லாம இந்த மில்லு எப்படி ஓடும்னு தோணுது. தோணுதா இல்லையா, சோனியா?"

"தோணுது சார். அனுப்பிடலாமா சார்? மூணு அம்பத்தாறு."

ஜி.எம்.மின் மெயில் பெட்டி நிரம்பி நாலு மாதமாகிறது. எதையும் அழிக்க அவர் அனுமதித்ததில்லை. ஆகவே மேக்கிலேயே சோனியாவின் மெயிலைத் திறந்து, அவள் பெயரிலிருந்து அனுப்புவதென்று ஆயிற்று.

"சப்ஜெக்ட்ல என்ன போடட்டும் சார்?"

"ஒண்ணும் வேண்டாம். ஒரு வார்த்தைகூட வேண்டாம். வீடியோ பேசும்."

மூன்று ஐம்பத்தெட்டுக்கு 'ஜி.எம். ஃபைனல் லாஸ்ட்' மும்பைக்குப் போனது. சோனியா எல்லோருக்கும் டீ சொன்னாள். ஜி.எம். மூன்று யூனிட் காண்ட்ராக்டை டிராயரிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, அதன்மேல் பேனாவையும் வைத்தார். கையெழுத்து, மும்பையிலிருந்து செய்தி வந்த பிறகு. சாம்சன் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் டீ ஆறிப்போனது.

நாலேகாலுக்கு ஒன்றும் வரவில்லை. நாலு இருபதுக்கு ஜி.எம். எழுந்து ஜன்னலருகே போய், திரையில் செய்தது போலவே தூரத்தில் எதையோ பார்த்தார்.

நாலு இருபத்தைந்துக்குப் போன் அடித்தது. சோனியா எடுத்தாள். "எஸ் சார்" என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"மும்பையா?" என்றார் ஜி.எம்.

"ஆமா சார். டைரக்டருங்க எல்லாரும் சேர்ந்து பாத்தாங்களாம். பாத்துட்டு எல்லாரும் எழுந்து நின்னாங்களாம்."

அருணாச்சலம் சாம்சனின் தோளில் கை வைத்தார். "எழுந்து நின்னாங்க, கேட்டியா? மும்பைக்காரன் லேசுல எழுந்திருக்க மாட்டான்." மேசைக்கு வந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "இன்னும் என்ன சொல்றாங்கன்னு கேளும்மா."

சோனியா கேட்டாள். கேட்டுவிட்டு, ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினாள்.

"மலர்வளையத்த மில்லுக்கு அனுப்பட்டா, இல்ல உங்க ஊட்டுக்கே அனுப்பட்டான்னு கேக்கறாங்க சார்."